மொட்டை மாடியில் ஒரு கூடாரம்

அந்தப் பயணத்துக்கு அம்மா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். வழியில் எந்த ஊரில் நின்றாலும் சரி, யார் வீட்டுக்கும் போகக்கூடாது. 'யார் வீட்டுக்கும்' என்று பொதுவாகத்தான் சொன்னாள். அவள் சொன்னது மயிலாப்பூரில் இருந்த பெரியப்பா வீட்டை என்பது அப்பாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆறு வயதுத் தம்பிக்குக்கூடத் தெரியும்.

நாங்கள் அப்போது ஈரோட்டில் இருந்தோம். மே மாதம் பள்ளிக்கூடம் மூடிய மறுநாளே ரயிலேறி மயிலாப்பூர் போய்விட வேண்டும் என்பது எங்கள் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம். எங்களுக்கெல்லாம் அது விடுமுறை. அம்மாவுக்கு அது வடாம். தெப்பக்குளத்துக்கு அடுத்த தெருவில் இருந்த அந்த வீட்டு மொட்டை மாடியில், பெரியப்பா வீட்டுக்கு, எங்கள் வீட்டுக்கு, டெல்லியில் இருந்த அத்தை வீட்டுக்கு என்று மூன்று குடும்பங்களுக்கும் வருஷம் முழுக்கக் காணும் வடாமை அம்மா ஒருத்தியே ஐந்தாறு நாளில் பிழிந்து முடிப்பாள். அதிகாலையில் எழுந்து அண்டாவில் கூழ் கிண்டி, வெயில் ஏறுவதற்குள் பழைய வேஷ்டிகளை விரித்துப் பிழிந்து, சாயங்காலம் துணியில் தண்ணீர் தெளித்து உரித்து, மறுநாள் திருப்பிப் போட்டு, அதற்கு நடுவில் பத்துப் பேருக்குச் சமையலுக்கும் கை கொடுப்பாள். நாங்கள் கடற்கரைக்குப் போய் மணலோடு திரும்பி வரும்போது, கால் கழுவத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவளும் அவள்தான்.

"உன் கைப்பக்குவம் இந்தாத்துல யாருக்கும் வராது" என்று பெரியம்மா ஒவ்வொரு வருஷமும் சொல்வாள். பன்னிரண்டு வருஷம் ஒரு மனுஷியைச் சென்னை வெயிலில் நிற்க வைக்க அந்த ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

பெரியம்மா கெட்டவள் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அவளுடைய மூட்டுவலி உண்மையானது. எனக்கு அம்மை போட்டபோது வேப்பிலையும் கையுமாகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். புதுப் பாவாடை எடுத்தால் எனக்குத்தான் முதலில் எடுப்பாள். கொடுமைக்காரியாக இருந்திருந்தால் அம்மா என்றைக்கோ தப்பித்திருப்பாள். பிரியமாக இருப்பவர்களிடமிருந்து தப்பிப்பதுதான் கஷ்டம்.

அந்த வருஷம் அம்மா தப்பிக்கத் தீர்மானித்தாள். அப்பாவின் அலுவலகத்தில் மலையேறுகிற பைத்தியம் பிடித்த நண்பர் ஒருவர் இருந்தார். அவரிடமிருந்து நாலு பேர் படுக்கக்கூடிய ஆரஞ்சு நிறக் கூடாரம் ஒன்றை இரவல் வாங்கிவரச் சொன்னாள். எங்களிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருந்தது. ஏலகிரியில் இரண்டு நாள், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கத்துச் சவுக்குத் தோப்பில் இரண்டு நாள், அப்புறம் வீடு. இதுதான் திட்டம். பெரியம்மாவுக்குப் போன் போட்டு, "இந்த வருஷம் வரலை மன்னி, குழந்தைகளோட வெளியில போறோம்" என்று சொல்லிவிட்டாள். கூடாரத்தை எங்கள் வீட்டு முற்றத்தில் நாலு தடவை அடித்துப் பிரித்துப் பழகினாள். கம்பிகளைக் கோத்து, துணியை மாட்டி, நிமிர்த்தி நிறுத்த அவளுக்குப் பத்து நிமிஷம் போதும். அப்பாவுக்கு அரை மணி நேரமாகும், அதிலும் ஒரு கம்பி மிச்சம் இருக்கும்.

ஏலகிரியில் முதல் நாள் காலை ஒரு அதிசயம் நடந்தது. எட்டு மணி வரை அம்மா தூங்கினாள். அவள் தூங்கி நான் பார்த்ததே கிடையாது. உடம்பு சரியில்லையோ என்று நான் பயந்து போய் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் உதட்டில் விரலை வைத்து என்னை வெளியே இழுத்துக்கொண்டு போய்விட்டார். எழுந்து வந்தவள் தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் ஒரு பாறையில் உட்கார்ந்து பிரெட் தின்றாள். அன்று முழுக்க அவள் யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்கவில்லை.

எனக்கு என்னவோ கூடாரம் பிடிக்கவில்லை. முதுகுக்குக் கீழே கல் குத்தியது. கொசு வேறு. பெரியப்பா வீட்டில் ஏசி அறை உண்டு, கல்லூரி போகும் அண்ணாவின் கம்ப்யூட்டர் உண்டு, அதில் கார் ஓட்டும் விளையாட்டு உண்டு. வருஷத்துக்கு ஒரு தடவை கிடைப்பதை இவள் கெடுக்கிறாளே என்று அம்மா மேல் எனக்கு உள்ளூர எரிச்சல்.

ஏலகிரியில் எங்கள் பம்ப் ஸ்டவ்வின் வாஷர் கிழிந்து போயிற்று. சென்னையைத் தொடாமல் அப்படியே கடற்கரைச் சாலைக்கு வெட்டிக்கொண்டு போயிருக்கலாம். தி.நகரில் பனகல் பூங்கா பக்கம் ஸ்டவ் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது, வாஷர் அங்கேதான் நிச்சயம் கிடைக்கும் என்று அப்பா சொன்னார். இருட்டு பிரிவதற்கு முன் கிளம்பி, எட்டரை மணிக்கு அங்கே வந்துவிட்டோம். கடை பத்து மணிக்குத்தான் திறப்பார்களாம். அப்பா வேனை ஓரங்கட்டினார். அம்மா தம்பியை அழைத்துக்கொண்டு எதிர் ஹோட்டலுக்குக் கை கால் அலம்பப் போனாள். வெற்றிலை பாக்குக் கடை வாசலில் சிவப்பு நிற ஒரு ரூபாய் போன் தொங்கிக்கொண்டிருந்தது. என் சட்டைப் பையில் ஒரு ரூபாய் இருந்தது.

"பெரியம்மா, நாங்க தி.நகர்ல இருக்கோம். ஆனா உங்காத்துக்கு வரமாட்டோமாம்."

இவ்வளவுதான் சொன்னேன். எந்தக் கடை வாசல் என்று பெரியம்மா கேட்டாள். அதையும் சொன்னேன். காட்டிக் கொடுக்கிறோம் என்ற நினைப்பே எனக்கு இல்லை. நியாயம் கேட்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

இருபது நிமிஷத்தில் பெரியப்பா ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நெற்றியில் விபூதி இன்னும் ஈரம் காயவில்லை. வேனுக்குள்ளே கிடந்த பாயையும் பக்கெட்டையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஏண்டா, ஊருக்கு வந்துட்டு ஆத்துக்கு வராம போறதுக்கு நாங்க என்ன செத்தா போயிட்டோம்?"

தன் அண்ணாவைக் கண்டால் அப்பாவுக்கு அரை நிஜார் போட்ட வயது திரும்பிவிடும். "அதெல்லாம் இல்லைண்ணா, சும்மா..." என்று ஆரம்பித்தவர் எந்த வாக்கியத்தையும் முடிக்கவில்லை. ஹோட்டலிலிருந்து வந்த அம்மா ஸ்கூட்டரைப் பார்த்ததுமே நின்றுவிட்டாள். யார் சொன்னது என்று அவள் கேட்கவில்லை. காபி மட்டும் குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்று அப்பா அவள் காதோரம் சொன்னார். அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள்.

மயிலாப்பூர் வீட்டு வாசலில் வேன் நின்றதும் வழக்கமாக நடப்பது நடந்தது. பெரியப்பா எங்கள் பைகளையெல்லாம் கூடத்துக்குக் கொண்டு வரச் சொன்னார். "வண்டிக்குள்ள விட்டா வெந்து போயிடும்" என்றார். படுக்கைச் சுருட்டு, பக்கெட், ஸ்டவ், கூடாரப் பை எல்லாம் உள்ளே வந்தன. அப்பா கையிலிருந்த வண்டிச் சாவியைப் பெரியப்பா வாங்கி, பூஜை அறை வாசல் ஆணியில் மாட்டினார். "இந்த வெயில்ல எங்க போறேள்? ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்கோ" என்றார். சாவி அந்த ஆணிக்குப் போய்விட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. அந்த வீட்டில் விருந்தாளிகளின் செருப்பையே ஒளித்து வைப்பார்கள்.

சமையலறையில் கூழ் அண்டா அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கென்று வடாமுக்கு மாவு அரைத்து வந்திருக்கிறார்கள், பிழிய வருவதாகச் சொன்ன சமையல்கார மாமி வரவில்லை. என்ன செய்வது என்று பெரியம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரத்தில்தான் என் போன் போயிருக்கிறது.

"தெய்வமாப் பார்த்து உன்னை அனுப்பியிருக்கு" என்று அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் பெரியம்மா.

தெய்வம் நான்தான் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மா அண்டாவைப் பார்த்தாள், ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டிருந்தார். அம்மா புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு துடுப்பைக் கையில் எடுத்தாள். அவ்வளவுதான், முடிந்தது. மரக்காணம், சவுக்குத் தோப்பு, எட்டு மணித் தூக்கம் எல்லாம் அந்த அண்டாவுக்குள் போய்விட்டன. பெரியப்பா பையன் அண்ணா ஊரில் இல்லை, கம்ப்யூட்டர் அறையைப் பூட்டிக்கொண்டு நண்பர்களோடு போயிருக்கிறான் என்று தெரிந்ததும் நான் ஒரு மூச்சு அழுதேன்.

என் அழுகையை நிறுத்தப் பெரியம்மா கண்டுபிடித்த வழிதான் எல்லாவற்றையும் மாற்றியது. மாடியில் வேஷ்டியை நனைத்து விரித்து, நாலு மூலைக்கும் செங்கல் வைத்திருந்தார்கள். கூழைக் குண்டானில் மேலே கொண்டுவந்து, அதில் எலுமிச்சம்பழம் பிழிந்து கலந்துகொண்டிருந்தாள் அம்மா. பெரியம்மா ஒரு படி ஒரு படியாக ஏறி வந்து, வடாம் பிழியும் பித்தளை நாழியில் கூழை நிரப்பி என் கையில் கொடுத்தாள். "நீயும் பிழிஞ்சு பாரேன்" என்றாள்.

எனக்குப் பதினோரு வயது. அதுவரை வடாமுக்குக் காக்கை விரட்டியிருக்கிறேன், அரை ஈரத்தில் திருடித் தின்றிருக்கிறேன், பிழிந்ததில்லை. நாழியை அழுத்திச் சுற்றினேன். முதல் வடாம் கோணலாக வந்தது. இரண்டாவது தேவலை. மூன்றாவது, இழை அறாமல், வட்டத்துக்குள் வட்டமாக அழகாக உட்கார்ந்தது. ஒரு வரிசை முடித்தேன். அடுத்த வரிசையை ஆரம்பித்தேன்.

பெரியம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "பாரேன், அப்படியே அம்மா கை. கொஞ்சம்கூட அறலை. இனிமே எனக்குக் கவலையே இல்லை. எனக்கு முடியலேன்னாலும், உங்கம்மாவுக்கு முடியலேன்னாலும், இந்தாத்து வடாம் நிக்காது. இவ இருக்கா."

அந்த வீட்டில் பெண் குழந்தை கிடையாது. அந்த நிமிஷத்தில் எனக்கு ராஜ்ஜியமே கிடைத்த மாதிரி இருந்தது. அம்மா என்ன சொல்லப் போகிறாள் என்று நிமிர்ந்து பார்த்தேன். அவள் கரண்டியைக் குண்டானுக்குள் அப்படியே விட்டுவிட்டாள்.

"எழுந்திரு. கையை அலம்பிண்டு வா" என்றாள்.

"இன்னும் ஒரு வரிசைம்மா."

"எழுந்திருன்னு சொன்னேன்."

"மாட்டேன்."

அம்மா என் கையிலிருந்து நாழியைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். அதற்கு முன்னும் பின்னும் அவள் என்னிடம் எதையும் பிடுங்கியதில்லை. விடுவிடுவென்று கீழே இறங்கிப் போனாள். போனவள் கூடாரப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மறு கையில் பிரெட் பாக்கெட்டோடு மேலே வந்தாள். வேஷ்டியின் காலிப் பாதியை மடித்து ஒதுக்கினாள். கம்பிகளைக் கோத்தாள். சிமென்ட் தரையில் முளை அடிக்க முடியாது. வேஷ்டி மூலைகளிலிருந்த செங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கயிறுகளின் மேல் வைத்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கோபுரத்தைப் பார்த்தபடி ஆரஞ்சு நிறத்தில் கூடாரம் எழுந்து நின்றது. தம்பி சந்தோஷமாகக் கத்திக்கொண்டு உள்ளே ஓடினான். அம்மா குனிந்து உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"என்ன இது? கூழ் இறுகறதே, வெயில் ஏறிண்டு வரதே" என்றாள் பெரியம்மா.

"நாங்க கேம்ப் வந்திருக்கோம், மன்னி" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. "சாவி கிடைக்கறவரைக்கும் இங்கதான் கேம்ப்."

எனக்கு மானம் போயிற்று. பக்கத்து மாடியில் துணி உலர்த்த வந்த ஒரு மாமி, உலர்த்தின துணியையே எடுத்து எடுத்து மறுபடி உலர்த்திக்கொண்டிருந்தாள். தெருமுனையில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி தேய்க்கிறவர் கீழேயிருந்து அண்ணாந்து குரல் கொடுத்தார்.

"இன்னா சார், மாடில டென்ட் போட்டுக்கினு கீறாங்க? ஊட்ல எதுனா விசேஷமா?"

பெரியப்பா காதில் அது விழுந்துவிட்டது. அந்தத் தெருவில் அவர் பெயருக்கு ஒரு மரியாதை உண்டு. மாடி ஏறி வந்து, கூடாரத்துக்கு முன்னால் நின்றார். தம்பி மனைவியிடம் நேருக்கு நேர் பேசிப் பழக்கமில்லாதவர், இப்போது ஒரு ஜிப்பிடம் பேச வேண்டியதாயிற்று. "வெயில்ல குழந்தைக்கு ஏதாவது ஆயிடப் போறது. கீழ வந்து பேசிக்கலாமே" என்றார் அதனிடம். ஜிப் பதில் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இறங்கிப் போனார்.

பெரியம்மாவுக்குக் கூழ்தான் கவலை. வீணாகிவிடுமே என்று கண்ணே கலங்கிவிட்டது. தண்ணீர்த் தொட்டி நிழலில் உம்மென்று உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டாள். "நீ வாடி என் கண்ணு. அம்மா கிடக்கா. நாம பிழியலாம்." நான் எழுந்து நாழியைக் கையில் எடுத்தேன். ஜிப் திறந்தது. அம்மா வெளியே வந்து நிமிர்ந்து நின்றாள். வேர்வையில் அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அவ வரமாட்டா, மன்னி" என்றாள். குரல் உயரவேயில்லை. "இன்னிக்கும் வரமாட்டா, எந்த வருஷமும் வரமாட்டா. எனக்குக் கை இருந்துது, பன்னிரண்டு வருஷம் பிழிஞ்சேன். அவளுக்கு அந்தக் கை வேண்டாம். வடாம் வேணும்னா கடையில விக்கறது."

கடை வடாம் என்பது அந்த வீட்டில் வாயால் சொல்லக்கூடாத வார்த்தை. பெரியம்மா மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் என்ன தப்பாச் சொல்லிட்டேன்? குழந்தை நன்னாப் பண்றதுன்னுதானே சொன்னேன்" என்றாள். உண்மையிலேயே அவளுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியாக நின்று அம்மாவை முறைத்தோம்.

அடுத்ததாக அப்பாவை அனுப்பினார்கள். பெரியப்பா அனுப்பியிருக்க வேண்டும், ஏனென்றால் அப்பா தானாக எங்கும் போகிறவர் இல்லை. கையில் ஒரு சொம்பு மோரோடு மெதுவாக ஏறி வந்தார். கூடாரத்தைப் பார்த்தார். பாதி பிழிந்த வேஷ்டியைப் பார்த்தார். என்னையும் என் கையிலிருந்த நாழியையும் ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நாழியை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து கூடாரத்துக்குள் போனார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வரப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் வெளியே வரவேயில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து, "அண்ணா, சாவியைக் கொடுத்துடுங்கோ" என்று குரல் மட்டும் வந்தது. முகத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தைரியம் கிடையாது. துணிக்குப் பின்னால் இருந்துகொண்டு சொல்லிவிட்டார். போதாதா? போதும் என்றுதான் நான் இப்போதும் சொல்வேன்.

மூன்று மணிவரை கூடாரம் அங்கேயே நின்றது. உள்ளே மூன்று பேர் பிரெட்டும் ஜாமும் தின்றார்கள். கீழே நான் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மோர்க்குழம்பும் உருளைக்கிழங்கு கறியும் சாப்பிட்டேன். வீறாப்பாகத்தான் உட்கார்ந்தேன், ஆனால் அன்று எனக்கு எதுவும் ருசிக்கவில்லை. பெரியப்பாவும் இரண்டு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. கையை அலம்பிவிட்டு வந்து, பூஜை அறை ஆணியிலிருந்து சாவியை எடுத்து என்னிடம் கொடுத்தார். நான் அதை மாடிக்குக் கொண்டு போய் ஜிப் ஓரமாக உள்ளே தள்ளினேன்.

கிளம்பும்போது பெரியம்மா குங்குமம் கொடுத்தாள், அம்மா வாங்கி இட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷம் போன்கூட இல்லை. அம்மா அதற்காக வருத்தப்பட்டாள், அழுதுகூட இருக்கிறாள், ஆனால் ஒரு தடவையும் மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த மே மாதம் மயிலாப்பூர் வீட்டில் மாட வீதிக் கடையொன்றில் வடாம் வாங்கினார்களாம். கடையில் வாங்கியது என்று தெரியாமலே சாப்பிட்ட பெரியப்பா, இந்தத் தடவை உப்பு சரியாக இருக்கிறது என்றாராம். இதையெல்லாம் பெரியம்மாவே பின்னால் ஒரு கல்யாணத்தில் அம்மாவிடம் சொல்லிச் சிரித்தாள்.

அன்று வேன் சாந்தோம் வழியாகப் போய் அடையாறு பாலத்தைத் தாண்டியது. வாஷர் வாங்க மறந்துவிட்டோம் என்று அப்பாவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அம்மா முன் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, தலைமுடியை அவிழ்த்துக் காற்றில் விட்டிருந்தாள். நான் பின்னால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடந்ததற்கெல்லாம் காரணம் என்னவென்று நான் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டேன். திருவான்மியூர் சிக்னலில் வண்டி நின்றபோது கேட்டேவிட்டேன்.

"என் வடாம் உன்னோடதைவிட நன்னா வந்துடுத்து. அதுல உனக்குப் பொறாமை. அதானே?"

அப்பா திடுக்கிட்டுத் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் கையைத் தொட்டு நிறுத்தினாள். என் பக்கம் திரும்பி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஆமாம்டி. அதுதான்" என்றாள்.

அவள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாள். பதினோரு வயதில் அம்மாவை ஜெயிப்பதென்றால் லேசான காரியமா? கோவளம் வரை எனக்கு அந்தப் பெருமை தாங்கவில்லை. அதற்கப்புறம் அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சவுக்குத் தோப்பு வருவதற்குள் அவளை மன்னித்துவிட்டேன்.